இரவுத் தெருவில் வேடமும் ஒளிப்படமும்: டோக்கியோ நகர வரலாற்றில் ஒரு பகுதி (1960கள் முதல் 2024 வரை)

ஆய்வுச் சுருக்கம்

புனைவுப் பாத்திரங்களின் வேடம் பூண்டு நிற்போரை நகரத் தெருவில் இரவு நேரத்தில் ஒளிப்படமெடுக்கும் வழக்கம் மிக அண்மைக் காலத்தது என்று பொதுவாகக் கருதப்படுகிறது. டோக்கியோ நகரத்தை எடுத்துக்கொண்டு பார்த்தால், காஸ்ப்ளே என்ற சொல் பிறப்பதற்கு ஏறத்தாழ இருபதாண்டுகள் முன்பே அவ்வழக்கத்தின் அடிப்படை உறவுமுறை அங்கு உருவாகிவிட்டது தெரியவருகிறது. படமெடுப்பவருக்கும் எடுக்கப்படுபவருக்கும் இடையிலான இசைவு, தெருவிளக்கின் இயல்பு, கருவியின் ஒளியுணர்திறன், நகர நிர்வாகத்தின் கட்டுப்பாடு ஆகியன இவ்வழக்கத்தை எவ்வாறு வடிவமைத்தன என்பதை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: காஸ்ப்ளே, இரவு ஒளிப்படம், டோக்கியோ, ஷின்ஜுகு, அகிஹபரா, ஷிபுயா, இசைவு, பொதுவெளி

முன்னுரை

தமிழில் ‘மாறுவேடம்’ என்ற சொல் மறைத்தலைக் குறிக்கும். இரவில் நகர்சோதனைக்குப் புறப்படும் அரசன் தன்னை எவரும் அடையாளம் காணக்கூடாது என்பதற்காகவே வேடம் மாறுகிறான். பொற்கைப் பாண்டியன் கதை இதற்கு நன்கறியப்பட்ட சான்று. காஸ்ப்ளே இதற்கு நேர்மாறானது. வேடம் பூண்டவர் தாம் ஏற்ற பாத்திரமாகக் காண்போரால் உடனே இனங்காணப்பட வேண்டும். காணப்படவில்லையெனில் வேடம் தோற்றுவிட்டது என்பதே பொருள். ஆகவே ‘மாறுவேடம்’ என்ற சொல்லை இதற்கு வழங்குவது பொருந்தாது. இக்கட்டுரையில் ‘காஸ்ப்ளே’ என்ற வழக்குச் சொல்லே ஆளப்படுகிறது.

அச்சொல்லின் பிறப்பிலும் இதனையொத்த சிக்கல் இருந்தது. அமெரிக்க அறிவியல் புனைகதை மாநாடுகளில் 1939ஆம் ஆண்டிலிருந்தே வேடமணிந்து வரும் பழக்கம் உண்டு. அதற்கு அங்கே வழங்கிய பெயரை ஜப்பானிய மொழியில் பெயர்த்தால் உயர்குடியினரின் பழைய நடன விருந்தை நினைவூட்டுவதாக இருந்தது. எனவே தகாஹாஷி நொபுயுகி, உடையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முற்பகுதியையும் ஆட்டத்தைக் குறிக்கும் சொல்லின் முற்பகுதியையும் இணைத்து ‘கொசுபுரே’ என்று சுருக்கி, ‘மை அனிமே’ இதழின் 1983 ஜூன் வெளியீட்டில் பயன்படுத்தினார். பெயரிலேயே ஆட்டம் இருக்கிறது. ஆட்டமெனில் பார்ப்பவரும் வேண்டும். அப்பார்ப்பவரின் கையில் ஒளிப்படக்கருவி இருந்தது என்பதிலிருந்தே இவ்வரலாறு தொடங்குகிறது.

கபுகிச்சோவின் தெருப் படப்பிடிப்பாளர்

சொல் பிறப்பதற்கு முந்தைய செயலைத் தேடினால், ஷின்ஜுகுப் பகுதியின் கபுகிச்சோவுக்குச் செல்ல வேண்டும். மதுக்கூடங்களும் இரவு விடுதிகளும் நிறைந்த அத்தெருக்களில் 1960களின் நடுப்பகுதி முதல் வதனபே கத்சுமி என்பவர் தோளில் ஒளிப்படக்கருவியுடன் இரவுதோறும் நடந்தார். செய்தித்தாளுக்காகவோ கண்காட்சிக்காகவோ அவர் படமெடுக்கவில்லை. விடுதிப் பெண்கள், பெண்ணுடை தரித்த ஆண்கள், பச்சை குத்திய அடியாட்கள், கூலிகள் எனத் தெருவில் நின்றவர்களை அவர்கள் விரும்பியபடி நிறுத்திப் படமெடுத்தார்; மூன்று படிகளுக்கு 200 யென் பெற்றுக்கொண்டு, மறுமுறை வரும்போது படங்களைக் கையில் கொடுத்தார். வாடிக்கையாளர்தாம் அவருடைய படங்களின் முதற்பார்வையாளர்கள். 1973ஆம் ஆண்டு இப்படங்கள் நூலாக வந்தபோதுதான் அவை கலையுலகின் கண்ணில் பட்டன.

அப்படங்களில் நிற்பவர்கள் எந்தக் கதைப்பாத்திரத்தின் வேடத்தையும் பூண்டவர்கள் அல்லர். ஆயினும் அவர்கள் நிற்கும் முறை கூர்ந்து நோக்கத்தக்கது. திரைப்படச் சுவரொட்டியில் நிற்பதுபோல் தோளைச் சாய்த்து, கருவியை நேராகப் பார்த்து, தாம் எவராக அறியப்பட விழைந்தார்களோ அவராகவே அவர்கள் நிற்கிறார்கள். பின்னணி பெரும்பாலும் கருமை. முகமும் உடையும் மட்டும் ஃபிளாஷ் ஒளியில் வெளிறி எழுகின்றன. ஒரு பெண்ணுடையாளருக்குப் பகலில் அத்தெருவில் அவ்வாறு நிற்க இயலாது என்பதை எண்ணினால், இரவு அங்கு வெறும் கால அளவு அன்று, உரிமம் என்பது விளங்கும்.

இதே ஷின்ஜுகுவில் இதே காலத்தில் இதற்கு முற்றிலும் மாறான வேறொரு முயற்சியும் நிகழ்ந்தது. யோஷியுகி கோஹெய் 1970களில் டோக்கியோப் பூங்காக்களின் இருளில் கூடிய இணையரையும், அவர்களை ஒளிந்து பார்த்தவர்களையும் அகச்சிவப்பு ஃபிளாஷ் கொண்டு அவர்கள் அறியாமலே படமெடுத்தார். 1979இல் அப்படங்களை இருண்ட கூடத்தில் காட்சிக்கு வைத்து, பார்வையாளர் கையில் டார்ச் விளக்கைக் கொடுத்தார். ஒளிந்து பார்த்தல் என்ற செயலைப் பார்வையாளர் தலையிலேயே சுமத்திய அந்த ஏற்பாடு கூர்மையானது. எனினும் படத்திலிருப்பவர் எவருடைய இசைவும் அதில் இல்லை. வதனபேயின் படத்தில் உடை பேசுகிறது, ஏனெனில் உடுத்தவர் பேச விரும்பினார். பின்னாளில் காஸ்ப்ளே ஒளிப்படம் எதிர்கொண்ட பூசல்கள் அனைத்தும் இவ்விரு எல்லைகளுக்கு இடையில்தான் நடந்தன.

வதனபேயின் தொழிலுக்குத் தேவையிருந்தமைக்கு எளிய காரணம் ஒன்றுண்டு: இரவில் படமெடுக்கும் வசதி பொதுமக்களின் கையில் இல்லை. கொனிகா நிறுவனம் 1975இல் மின்னணு ஃபிளாஷைத் தன்னுள்ளேயே கொண்ட சி35 இ.எஃப். என்னும் சிறு கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ‘பிக்காரி’ என்று செல்லப்பெயர் பெற்ற அக்கருவியும் அதைப் பின்பற்றியவையும் பரவிய பின்பு, தெருவில் நின்று படத்துக்குக் காசு கேட்பவரின் தேவை சுருங்கியது. படமெடுப்பது தொழிலாளியின் கையிலிருந்து நண்பரின் கைக்கு மாறியது எனலாம். ஃபூஜி நிறுவனம் 1986இல் வெளியிட்ட, ஒருமுறை மட்டும் பயன்படும் கருவி இம்மாற்றத்தை முழுமையாக்கியது.

பகலுக்குள் அடங்கிய வேடம்

இதே 1975ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள், 32 குழுக்களும் ஏறத்தாழ 700 வருகையாளர்களுமாக ‘காமிக் மார்க்கெட்’ என்னும் வாசகர் சந்தை டோக்கியோவில் தொடங்கியது. பின்னாளில் சில நூறாயிரவர் திரளும் பெருநிகழ்வாக வளர்ந்த அச்சந்தைதான் ஜப்பானியக் காஸ்ப்ளேயின் தலைமைக் களமாயிற்று. அதன் ஒழுங்குகள் கவனத்துக்குரியன. வேடமணிந்து வீட்டிலிருந்து வரக்கூடாது. வேடத்துடன் திரும்பிச் செல்லவும் கூடாது. வளாகத்தினுள் உடைமாற்றும் அறையில் மாற்றிக்கொள்ள வேண்டும். படமெடுக்க ஒதுக்கப்பட்ட இடத்தில் மட்டுமே எடுக்க வேண்டும். சந்தை பிற்பகலிலேயே முடிந்துவிடும். அண்டை வீட்டாரோடும் காவல் துறையோடும் உரசல் வராமல் இருப்பதற்காக ஆர்வலர்கள் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட கட்டுப்பாடு இது. வெளியார் விதித்திருந்தால் இத்துணைக் காலம் நிலைத்திருக்குமா என்பது ஐயம்.

இதன் விளைவாக, காஸ்ப்ளே ஒளிப்படத்தின் மரபு பகல் வெளிச்சத்தில், சுவருக்குள், வரிசையில் உருவாயிற்று. ‘கமேகோ’ என்று அழைக்கப்பட்ட ஒளிப்பட ஆர்வலர் வரிசையில் நிற்பார், இசைவு கேட்பார், சில படங்கள் எடுத்து, நன்றி கூறி விலகுவார். கூட்டம் மிகும்போது வேடமணிந்தவரைச் சுற்றி அரைவட்டமாக நின்று எடுப்பதும், குறித்த எண்ணிக்கை வரை தலைகீழாக எண்ணி முடித்தவுடன் அனைவரும் கருவியைத் தாழ்த்துவதும் வழக்கமாயின. பெயர், பாத்திரம் ஆகியவற்றைத் தாங்கிய சிற்றட்டைகள் கைமாறின. படம் பின்னர் உரியவருக்கு அனுப்பப்பட்டது. கபுகிச்சோவில் 200 யென்னுக்குக் கைமாறிய மூன்று படிகளின் இடத்தை இங்கு இவ்வட்டை பிடித்துக்கொண்டது.

தெரு என்றால், அங்கும் பகல்தான். டோக்கியோவில் 1970 ஆகஸ்ட் 2ஆம் நாள் கின்சா, ஷின்ஜுகு முதலிய இடங்களில் வாகனங்களை நிறுத்தித் தெருவை நடப்போருக்கு விடும் திட்டம் தொடங்கியது. அகிஹபராவின் சுவோ நெடுந்தெருவில் அது 1973இல் வந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் திறக்கும் அத்தெரு மாலை 5 அல்லது 6 மணிக்கு மீண்டும் வாகனங்களுக்குத் திரும்பிவிடும். நகரம் தன் தெருவை வேடத்துக்கு இரவல் தந்தது உண்மை; ஆனால் விளக்கேற்றும் நேரத்துக்கு முன் திருப்பிப் பெற்றுக்கொண்டது.

ஒளியின் கணக்கு

காஸ்ப்ளே இரவுத் தெருவுக்கு வரத் தயங்கியதற்குக் கட்டுப்பாடு மட்டுமே காரணம் அன்று. நிறம் பெரிய தடையாக இருந்தது. காஸ்ப்ளேயில் பாத்திரத்தை இனங்காட்டுவது முதன்மையாக நிறமே: நீலப் பொய்முடி, இளஞ்சிவப்புக் கண், குறித்த ஒரு பச்சையில் அமைந்த மேலுடை. சோடியம் ஆவி விளக்கு மஞ்சட்பட்டையில் குவிந்த ஒளியைத் தருவது. தாழ் அழுத்த வகையில் ஏறத்தாழ 589 நானோமீட்டர் அலைநீளம் தவிர வேறு ஒளியே இல்லை எனலாம். அதன்கீழ் நீலம் கருமையாகும், சிவப்பு பழுப்பாகும். பாதரச விளக்கின்கீழ் மேனி பச்சை படியும். மாதக்கணக்கில் தைத்துச் சாயமிட்ட உடை அத்தகைய தெருவில் தன் பெயரையே இழந்துவிடும். வதனபேயின் படங்கள் கறுப்பு வெள்ளையில் இருந்தமையால் அவருக்கு இச்சிக்கல் எழவில்லை. பாத்திரம் ஏற்றவருக்கோ அது உயிர்நிலைச் சிக்கல்.

வேகமும் தடையே. நன்கு விளக்கேற்றிய சாதாரணத் தெருவில் 400 ஐ.எஸ்.ஓ. படச்சுருளும் எஃப்/2 துளையும் கொண்டு எடுத்தால் ஷட்டர் ஏறத்தாழ 1/30 நொடி திறந்திருக்க வேண்டும். நிற்பவர் மூச்சுவிட்டாலே படம் கலங்கும். எஃப்/2 துளையில் முகம் தெளிந்தால் வாளின் நுனி மங்கும். ஃபிளாஷைக் கருவியின்மேல் வைத்து நேரே அடித்தால் உருவம் தெளியும். ஆனால் ஒளியின் செறிவு தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைவதால், மூன்று மீட்டரில் நிற்பவருக்குப் போதுமான ஒளி முப்பது மீட்டருக்கு அப்பாலுள்ள கடைமுகப்பில் நூறில் ஒரு பங்குதான் விழும். தெரு மறைந்து கருந்திரையாகும். இரவுத் தெருவில் படமெடுக்கச் சென்று இரவையும் தெருவையும் இழப்பது என்பது இதுவே. ஷட்டரைத் தாமதமாக மூடி, ஃபிளாஷால் உருவத்தையும் நீண்ட திறப்பால் பின்னணியையும் பதியும் உத்தி தேர்ந்தவர்களிடம் இருந்தது. அது முக்காலியையும் பொறுமையையும் ஆளரவமற்ற தெருவையும் கேட்டது. டோக்கியோவில் மூன்றாவது எளிதில் கிட்டுவதில்லை.

இருவகை மாற்றங்கள் ஏறத்தாழ ஒரே காலத்தில் வந்தன. நிக்கான் டி3 கருவி 2007இல் 6400 ஐ.எஸ்.ஓ. அளவைப் பயன்படத்தக்கதாக்கியது, அடுத்த ஆண்டு கேனன் 5டி மார்க் 2 அவ்வசதியை இன்னும் பலருடைய கைக்குக் கொண்டுசென்றது. 400இலிருந்து 6400க்கு உயர்வது பதினாறு மடங்கு. முன்னர் 1/30 நொடி கேட்ட தெரு இப்போது 1/500 நொடியில் பதிந்தது. மறுபுறம் தெருவே மாறியது. அகாசாகி இசாமு, அமானோ ஹிரோஷி, நகாமுரா ஷூஜி ஆகியோருக்கு 2014ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசைப் பெற்றுத்தந்த நீல எல்.இ.டி. கண்டுபிடிப்பின் வழியே வெண்ணிற எல்.இ.டி. விளக்குகள் பரவின. மினமாட்டா உடன்படிக்கையின்படி உயரழுத்தப் பாதரச விளக்குகளின் உற்பத்தி 2020இறுதியோடு நிறுத்தப்பட வேண்டியிருந்தமையும் இம்மாற்றத்தை விரைவுபடுத்தியது. நீலப் பொய்முடி இரவிலும் நீலமாகவே தெரியத் தொடங்கியது. கையடக்க எல்.இ.டி. விளக்கு, உடன்வந்த நண்பரின் கையில் இருந்தாலே போதும் என்றாயிற்று. மின்கலத்தில் இயங்கும் ஒளிவாள்கள், மினுங்கும் கவசங்கள் ஆகியன இரவைக் கருதியே செய்யப்படலாயின. உடையே விளக்காகிவிட்ட இந்நிலையைத் தொழில்நுட்பத்தின் பக்கவிளைவு என்று ஒதுக்குவது சரியன்று. உடை தைப்பவர் ஒளிப்படத்தை முன்கூட்டியே எண்ணித் தைக்கிறார் என்பதற்கு அது சான்று.

அகிஹபரா, 2008

தொழில்நுட்பம் கதவைத் திறந்த அதே ஆண்டுகளில் தெரு கதவைச் சாத்தியது. ‘தென்ஷா ஒத்தோகொ’ தொலைக்காட்சித் தொடர் 2005இல் ஒளிபரப்பான பின்பு அகிஹபரா நாடறிந்த சுற்றுலாத் தலமாகியது. வாகனமற்ற ஞாயிறுகளில் வேடமணிந்தோரும் பாடுவோரும் ஆடுவோரும் பெருகினர். தாழ்ந்த கோணத்திலிருந்து பெண்களைப் படமெடுப்போர் கூட்டமும் பெருகியது. கடைக்காரர்களும் குடியிருப்போரும் முறையிட்டனர். 2008 ஜூன் 8ஆம் நாள் நண்பகலில் ஒருவன் சரக்கு வண்டியைக் கூட்டத்தினுள் செலுத்தி, பின் கத்தியால் குத்தியதில் எழுவர் உயிரிழந்தனர். வாகனமற்ற தெருத் திட்டம் உடனே நிறுத்தப்பட்டது. 2011 ஜனவரி 23ஆம் நாள் அது மீண்டும் தொடங்கியபோது, தெருவில் நிகழ்ச்சி நடத்தலாகாது என்ற கட்டுப்பாடும் உடன்வந்தது.

கொலைக்கும் காஸ்ப்ளேக்கும் தொடர்பில்லை. எனினும் அக்கொலைக்கு முன்பே தெருவின் பொறுமை குறைந்திருந்தது என்பதையும் அதற்கு வேடமணிந்தோரைவிட அவர்களைச் சூழ்ந்த கருவிகளே பெருங்காரணம் என்பதையும் பின்னோக்கிப் பார்க்கையில் மறுக்க இயலாது. வரிசையும் எண்ணிக்கையும் உள்ள சந்தை வளாகத்தில் கமேகோ விருந்தினர். அவ்வொழுங்கற்ற தெருவில் அவரே தடை.

சட்டத்தின் நிலை இங்கு விளக்கத்தக்கது. 1962இல் கியோட்டோவில் நடந்த மாணவர் ஊர்வலம் ஒன்றைக் காவலர் படமெடுத்தது தொடர்பான வழக்கில், ஜப்பானிய உச்ச நீதிமன்றம் 1969 டிசம்பர் 24ஆம் நாள் தீர்ப்பளித்தது. அக்காவலரின் செயல் சட்டத்துக்கு உட்பட்டதே என்று கூறிய நீதிமன்றம், தம் இசைவின்றித் தம் முகமும் தோற்றமும் படமெடுக்கப்படாதிருக்கும் உரிமை அரசமைப்பின் 13ஆம் பிரிவின்கீழ் ஒவ்வொருவருக்கும் உண்டு என்பதை முதன்முறையாக ஏற்றுக்கொண்டது. பிறர் காண்பதற்காகவே வேடமணிந்து தெருவில் நிற்பவர் இவ்வுரிமையைக் கைவிட்டவர் ஆவாரா? ஆகார் என்பதே ஆர்வலர் மரபு தந்த விடை. இசைவு கேட்கும் வழக்கம் அதன் வெளிப்பாடு. இழிநோக்கில் மறைவாகப் படமெடுப்பதைத் தண்டிக்க நாடு முழுமைக்குமான சட்டம் 2023 ஜூலை 13ஆம் நாள்தான் நடைமுறைக்கு வந்தது. அதுவரை அப்பணியை மாவட்டந்தோறும் வேறுபட்ட விதிகள் செய்துவந்தன.

ஷிபுயாவும் அதன் பின்னரும்

ஏற்பாட்டாளர் எவருமின்றி வேடம் இரவுத் தெருவைக் கைப்பற்றிய நிகழ்வு ஷிபுயாவின் ஹாலோவீன் இரவு. 2010களில் ஆண்டுதோறும் அக்டோபர் இறுதியில் தொடர்வண்டி நிலையத்தின் முன்னுள்ள பலவழிச் சந்திப்பில் கூட்டம் பெருகியது. ஒளிப்படத்துக்கு அதைவிடப் பொருத்தமான இரவுத் தெரு டோக்கியோவில் இல்லை. கட்டட முகப்புகளை நிறைத்த பெருந்திரைகள் மாறிமாறி வண்ண ஒளி வீசுகின்றன. விளக்கு மாறுகையில் தெருவின் நடுவே சிலநொடி நிற்க முடிகிறது. நனைந்த தார்ச்சாலை அத்தனை ஒளியையும் திருப்பித் தருகிறது. ஆனால் இங்கு உடைமாற்றும் அறை இல்லை, வரிசை இல்லை, எண்ணுவார் இல்லை. சந்தை மரபில் வளர்ந்த காஸ்ப்ளேயர் பலர் இவ்விரவைத் தம் மரபின் பகுதியாகவே ஏற்க மறுத்தனர். அம்மறுப்பில் ஓரளவு மேட்டிமை இருந்தது, அச்சமும் இருந்தது.

2018 அக்டோபர் 28ஆம் நாள் விடியலுக்கு முன் அங்கு சிறு சரக்கு வண்டி ஒன்று கூட்டத்தினரால் கவிழ்க்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஜூனில் ஷிபுயா வட்டாட்சி, ஹாலோவீன், புத்தாண்டு நாட்களில் மாலை 6 முதல் காலை 5 வரை தெருவில் மது அருந்துவதைத் தடைசெய்தது. சியோல் நகரின் இடேவோன் பகுதியில் 2022 அக்டோபர் 29ஆம் நாள் நெரிசலில் 159 பேர் உயிரிழந்த பின்னர், அச்சம் வேறு வடிவம் கொண்டது. ஷிபுயா வட்டத் தலைவர் ஹசெபே கென் 2023இல் ஹாலோவீனுக்கு ஷிபுயாவுக்கு வரவேண்டாம் என்று வெளிப்படையாகவே கேட்டுக்கொண்டார். ஹச்சிகோ நாயின் சிலையைச் சுற்றி வேலியெழுந்தது. 2024 அக்டோபர் முதல் இரவுநேரத் தடை ஆண்டு முழுமைக்கும் விரிந்தது.

இதற்கிடையே இகெபுகுரோவில் 2014இல் தொடங்கிய ஹாலோவீன் காஸ்ப்ளே விழா வேறு வழியைக் காட்டியது. வட்டாட்சியும் கடைகளும் நிறுவனங்களும் இணைந்து தெருக்களைத் திறந்தன; உடைமாற்ற இடமளித்தன; படமெடுக்கும் ஒழுங்கை வகுத்தன. அது பெருவெற்றி பெற்றது, பகலில் நடக்கிறது. நகோயாவில் 2003 முதல் கூடும் உலகக் காஸ்ப்ளே மாநாட்டைப் போன்றே இதுவும் நகரத்தின் பெருமையாகக் கொண்டாடப்படுகிறது. ஒழுங்கு உள்ள இடத்தில் இரவு இல்லை, இரவு உள்ள இடத்தில் ஒழுங்கு இல்லை என்ற பிளவு இதனால் ஆழமாயிற்று. இன்று இரவுத் தெருப் படங்களை எடுப்போர் பெரும்பாலும் இருவர் மூவராக, கூட்டம் கலைந்த பின்புறச் சந்துகளில், முக்காலியின்றி, கையடக்க விளக்குடன் விரைந்து எடுத்து நகர்கின்றனர். 1960ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 77ஆம் பிரிவு தெருவைப் போக்குவரத்தல்லாத பணிகளுக்குப் பயன்படுத்தக் காவல்துறையின் முன்னிசைவைக் கோருவதால், விளக்குத்தாங்கியை நிறுத்திய உடனேயே படப்பிடிப்பு வேறொன்றாகிவிடும் என்ற அச்சமும் இவ்விரைவுக்குக் காரணம்.

2024ஆம் ஆண்டு ஷின்ஜுகு வட்டாட்சியும் ஷிபுயாவின் வழியைப் பின்பற்றி, அக்டோபர் 31 மாலை 5 மணி முதல் மறுநாள் காலை 5 மணி வரை கபுகிச்சோவிலும் அதன் சுற்றுப்புறத்திலும் தெருவில் மது அருந்துவதைத் தடைசெய்தது. ஷிபுயாவிலிருந்து விலக்கப்பட்ட கூட்டம் அங்குத் திரளக்கூடும் என்ற எண்ணமே அதற்குக் காரணம். வதனபே கத்சுமி 200 யென்னுக்கு மூன்று படிகள் விற்ற தெருக்கள் அவை. அத்தடை மதுவுக்கு மட்டுமே உரியது. வேடத்தைப் பற்றியோ ஒளிப்படக்கருவியைப் பற்றியோ அதில் எதுவும் கூறப்படவில்லை.